கொமினிகேசனில் பிரிண்ட் எடுக்கும்போது தடயம் விடாமல் வருவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் விண்ணப்பம், சிவி, அடையாள அட்டைப் பிரதி என்று எதற்கும் கொமினிகேசன்தான், அதாவது பிரிண்ட், போட்டோக்கொப்பி எடுத்துத் தரும் கடை. "இந்த நம்பருக்கு வட்ஸ்அப்பிலை போடுங்கோ, எடுத்துத் தாறன்" என்பார்கள். போடுவோம், காசைக் கொடுத்துவிட்டு வருவோம். கோப்பு அங்கேயே கிடக்கும்.

கிடந்தால் என்ன என்கிறீர்களா? பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, எண்ணை வைத்தே பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கலாம். அதையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

1. முடிந்தால் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய், அதிலிருந்தே நேராகப் பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். வைரஸ் தொற்றக்கூடும், வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்த பிறகே திறவுங்கள்.

2. வட்ஸ்அப்தான் வழியென்றால், பிரிண்ட் கைக்கு வந்ததும் அனுப்பியதை 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்து அழியுங்கள். இது பாதி வேலைதான். கடைக் கணினியில் இறக்கிய பிரதி டவுன்லோட்ஸில் இருக்கும். "அண்ணை, அதையும் அழிச்சுவிடுங்கோ, ரீசைக்கிள் பின்னிலையும்" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார்.

3. நீங்களே கணினியில் இருந்தால், குரோமில் கொன்ட்ரோல், சிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மறைநிலைச் சாளரம் திறக்கும். மூடியதும் பார்த்த பக்கங்களின் வரலாறு அந்தக் கணினியில் தங்காது. ஆனால் இறக்கிய கோப்பு தங்கும்; விசைகளைப் பதிவுசெய்யும் மென்பொருள் இருந்தால் அதையும் இது தடுக்காது. வங்கிக் கணக்கை அங்கே திறக்கவே வேண்டாம்.

4. வட்ஸ்அப் வெப் திறந்தீர்களா? சாளரத்தை மூடினால் போதாது. போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் வெளியேறுங்கள்.

5. தலைக்கு மேலே கமரா இருக்கிறதா என்று பாருங்கள். நியூயோர்க்கில் பழைய தொலைபேசிக் கூண்டுகளுக்குப் பதிலாக 2016இல் வந்த லிங்க்என்வைசி இணையக் கம்பங்களில் கமராக்கள் இருந்ததால், குடிமக்களின் உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் கேள்வி எழுப்பின. இங்கே கம்பம் தேவையில்லை, கடையின் சிசிடிவியே போதும். கள்வரைப் பிடிக்கப் பூட்டியதென்றாலும் அதற்கு உங்கள் விசைப்பலகையும் தெரியலாம். கடவுச்சொல் அடிக்கும்போது மறுகையால் மறையுங்கள்.