பூமி சூடானால் கனமழை எவ்வளவு கூடும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

புவி வெப்பமாவதால் மழை மாறுகிறதா என்று கேட்டால், பலரும் ஆண்டின் மொத்த மழையைத்தான் பார்க்கிறார்கள். அதில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையை. கால்குலேட்டர் ஒன்று போதும்.

படி 1: காற்றின் கொள்ளளவு

10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 9.4 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியில் 17.3 கிராம். அதாவது, டிகிரிக்கு 6 முதல் 7 சதவீதம் கூடுகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாசியஸ், கிளாபெய்ரான் இருவரின் பெயரால் அறியப்பட்ட விதி இது.

படி 2: மழையாக மாற்றுங்கள்

ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்யும் கனமழையை எடுத்துக்கொள்வோம். காற்றில் நீராவி கூடும் அளவுக்கே கனமழையும் ஏறக்குறைய கூடும் என்பதால், அதை 1.07ஆல் (அதாவது 7 சதவீதம் கூட்டி) பெருக்கினால் 107. இது ஒரு டிகிரி கூடினால். இன்னொரு முறை பெருக்கினால் 114.5, மூன்றாம் முறை 122.5. சின்ன எண்ணாகத் தெரிகிறதா? ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். முதல் டிகிரியே இன்னும் 70 லட்சம் லிட்டரைச் சேர்த்துவிடுகிறது. வடிகாலின் அளவோ மாறவில்லை.

இது சராசரிக் கணக்கு. நீராவி மழைத்துளியாகும்போது வெளிவரும் வெப்பம் மேகத்தை மேலும் உந்தித் தள்ளுவதால், ஒரு மணி நேரத்தில் அடித்துப் பெய்யும் மழை சில இடங்களில் இதையும் தாண்டலாம்.

படி 3: மொத்த மழை ஏன் அந்த அளவுக்குக் கூடுவதில்லை?

அதே வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு வெளியேற்றியாக வேண்டும். அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதனால் உலகின் சராசரி மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. கனமழை 7 சதவீதம் கூடி, மொத்தம் இவ்வளவுதான் கூடுகிறது என்றால், மற்ற நாட்களின் மழை அதைவிடக் குறைவாகத்தான் கூட முடியும், குறையக்கூடச் செய்யலாம்.

படி 4: தரவில் தேடுங்கள்

ஒரு மழைமானி நிலையத்தின் தினசரிப் பதிவை எடுங்கள். 60 ஆண்டுகள் இருந்தால் நல்லது. ஒவ்வோர் ஆண்டிலும் மிக அதிக மழை பெய்த ஒரே ஒரு நாளின் அளவை மட்டும் எழுதுங்கள். மழைக்காலப் பதிவு விடுபட்ட ஆண்டுகளை நீக்கிவிடுங்கள். உச்ச மழை அந்த நாட்களில்கூடப் பெய்திருக்கலாம். அப்புறம் முதல் பாதியின் சராசரியையும் இரண்டாம் பாதியின் சராசரியையும் ஒப்பிடுங்கள்.

ஒரு நிலையத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே ஒரு புயல் சராசரியைத் தூக்கிவிடும். சுற்றியுள்ள நிலையங்களுக்கும் இதையே செய்து, எத்தனை நிலையங்களில் கூடியிருக்கிறது, எத்தனையில் குறைந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.