தாடி ஓணான் வளர்ப்பு: முதலில் வெயிலை அமையுங்கள்

பியர்டட் டிராகன் என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ பயங்கரமான பிராணி என்று எண்ணிவிட வேண்டாம். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானும் இதுவும் அகமிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இதைத் தாடி ஓணான் என்றே அழைக்கலாம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இது, முழு வளர்ச்சியில் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை நீளம் இருக்கும். நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இதை வளர்க்க அனுமதியோ பதிவோ தேவைப்படும் இடங்கள் உண்டு என்பதால், வாங்குவதற்கு முன் அதை விசாரித்துவிடுவது முதல் வேலை.

இரண்டாவது வேலை வெயில். தாடி ஓணானால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது தின்பது, தின்றது செரிப்பது, எலும்பு உறுதிப்படுவது, நோயை எதிர்ப்பது ஆகிய அனைத்தும் நாம் அமைத்துக் கொடுக்கும் வெப்பத்தையும் ஒளியையும் நம்பியே நடக்கின்றன. ஆகவே அதை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் ஒரு முனையில் மட்டும் வெப்ப பல்பைப் பொருத்தி, அதன் நேர் கீழே ஒரு தட்டையான கல்லையோ தடித்த மரக்கிளையையோ வைக்க வேண்டும். அந்தக் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். மறுமுனையில் காற்றின் வெப்பநிலை 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிச் சென்று தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்வதுதான் அதன் இயல்பு. தொட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அதற்கு ஒதுங்க இடமில்லை.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வட்டமான வெப்பமானி 32 டிகிரி காட்டியதை நம்பி முதல் இரண்டு வாரங்களை ஓட்டினேன். ஓணான் எப்போதும் குளிர்ந்த முனையிலேயே சுருண்டு கிடந்தது. உணவையும் சரியாகத் தொடவில்லை. கடைசியில் ஓர் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கிக் கல்லின் மீது காட்டிப் பார்த்தால் 51 டிகிரி. சுவரில் ஒட்டியிருந்த கருவி சுவரின் வெப்பத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்ததே தவிர, ஓணானின் வயிறு படும் இடத்தின் வெப்பத்தை அல்ல. பல்பைச் சற்று உயர்த்திக் கட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியில் இணைத்த மூன்றாம் நாளே அது கல்லின் மீது ஏறிவிட்டது. அடியிலிருந்து சூடாகும் மின்கற்களையும் தவிர்த்துவிடுங்கள். ஓணான் மேலிருந்து வரும் வெப்பத்தை உணர்ந்து விலகும் அளவுக்கு வயிற்றின் அடியில் ஏறும் சூட்டை உணர்ந்து விலகுவதில்லை; தோல் வெந்த பிறகுதான் நமக்கே தெரியவரும்.

அமைப்பு சரியாக இருக்கிறதா என்பதைக் காலையில் விளக்குப் போட்டதும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரவில் குளிர்ந்துபோன ஓணான் தோல் கறுத்து, மெல்லக் கல்லின் மீது ஏறி, விலா எலும்புகளை விரித்து உடலைத் தோசைபோல் தட்டையாக்கிக்கொண்டு ஒளியை நோக்கிச் சாய்ந்து படுக்கும். கறுத்த தோல் வெப்பத்தை விரைவாக ஈர்த்துக்கொள்ளும். அரைமணி நேரம் போல் கழிந்ததும் நிறம் வெளிறி மஞ்சளோ மணல் நிறமோ ஆகும். போதிய சூடு ஏறியதும் வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைக் கண்டு மூச்சுத் திணறல் என்று பதறுவதுண்டு. மூக்கில் சளியோ மூச்சில் சத்தமோ இல்லாமல், கல்லின் மீது இருக்கும்போது மட்டும் வாய் திறந்திருந்தால் அது உடல் சூட்டை வெளியேற்றும் வழியே அன்றி வேறில்லை.

வெப்ப பல்பு வேறு, புற ஊதா விளக்கு வேறு, இரண்டும் வேண்டும். யுவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஈர்த்துக்கொள்ளும். சன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது, ஏனெனில் சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். போதாக்குறைக்கு, வெயில் நேராக அடிக்கும் கண்ணாடித் தொட்டி சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும். சுருள் வடிவ பல்புகளைவிட, தொட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 எனப்படும் மெல்லிய குழல் விளக்கே நல்லது. மேல்மூடியின் கம்பி வலையும் கதிரில் கணிசமான பங்கைத் தடுக்கும் என்பதால், வலைக்கு மேல் வைப்பதா உள்ளே வைப்பதா என்பதைப் பொறுத்துத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் தூரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யுவிபி அளவு காலப்போக்கில் குறையும். அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. பொருத்திய தேதியை விளக்கின் முனையில் எழுதி ஒட்டிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். பகலில் 12 மணி நேரம் ஒளி, இரவில் முழு இருட்டு. சிவப்பு, நீல இரவு விளக்குகள் விற்கப்படுகின்றன. ஓணானுக்கு நிறம் தெரியும், தூக்கம் கெடும் என்பதால் அவை வேண்டாம்.

வளர்ந்த ஓணான் ஒன்றுக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி குறைந்தபட்சம் தேவை. ஒன்றுக்கு என்று சொல்வதைக் கவனியுங்கள்: துணைக்கு இன்னொன்றை அதே தொட்டியில் விடக் கூடாது. ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பது பாசமாகத் தோன்றினாலும், பெரும்பாலும் மேலே இருப்பது கீழே இருப்பதற்கு வெயில் கிடைக்காமல் மறிக்கிறது என்பதே பொருள். சண்டையில் விரலோ வாலோ போனால், பல்லிக்கு முளைப்பதுபோல் இதற்கு வால் மறுபடி முளைக்காது. தரைக்கு ஓடு அல்லது காகிதம் விரித்தால் போதும். குட்டிகளுக்கு மணல் வேண்டவே வேண்டாம், இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

உணவு வயதுக்கு ஏற்ப மாறும். குட்டிக்குப் பெரும்பங்கு பூச்சி, சிறுபங்கு கீரை. வளர்ந்த பின் அது தலைகீழாகி, தினமும் கீரையும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் பூச்சியும் என்றாக வேண்டும். வளர்ந்த ஓணானுக்குத் தினமும் புழுவைக் கொடுத்துக் கொழுக்க வைப்பதே நான் அதிகம் காணும் தவறு. கிரிக்கெட் பூச்சி, வெட்டுக்கிளி, டூபியா கரப்பான் ஆகியவை நல்ல இரை. மெழுகுப்புழுவில் கொழுப்பு மிகுதி, அதை எப்போதாவது கொடுக்கும் மிட்டாயாகவே கருத வேண்டும். எந்தப் பூச்சியும் ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வாங்கி வந்த பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்பே கீரையும் கேரட்டும் தின்னக் கொடுங்கள். பட்டினி கிடந்த பூச்சி வெறும் கூடுதான். பிறகு ஒரு நெகிழிப் பையில் கால்சியம் தூளோடு போட்டுக் குலுக்கி, மாவு தடவியதுபோல் ஆனதும் விடவும். மிஞ்சிய கிரிக்கெட்டுகளை இரவில் தொட்டியிலேயே விட்டுவைத்தால், தூங்கும் ஓணானை அவை கடிக்கும். கடுகுக்கீரை, பரங்கிக்காய்த் துருவல், செம்பருத்திப் பூ ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். பாலக் கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதை வழக்கமாக்க வேண்டாம். அவகேடோ நஞ்சு. மின்மினிப்பூச்சி அதைவிடக் கொடிது, ஒன்றே ஒன்று உயிரைக் குடித்துவிடும். எனவே வெளியில் பிடித்த பூச்சி எதையும் போடாதீர்கள். விளக்கை அணைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசி உணவு முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் சூடு இல்லாமல் வயிற்றில் இருப்பது செரிக்காது.

தூக்கும்போது மேலிருந்து கை நீட்டினால் பருந்து பாய்வதுபோல் அதற்குத் தோன்றும். பக்கவாட்டில் கையைக் கொண்டுசென்று, மார்புக்கும் பின்கால்களுக்கும் தாங்கல் கொடுத்துத் தூக்குங்கள். தாடைக்கு அடியில் தாடிபோல் இருக்கும் தோல் கறுத்து உப்பினால் கோபம் அல்லது அச்சம். கையை விலக்கிக்கொள்வதே மரியாதை. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், ஆரோக்கியமான ஓணானின் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும்; உணவுப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

தாடை ரப்பர்போல் மென்மையாவது, கால் நடுங்குவது, கை வளைவது ஆகியவை கால்சியக் குறைவால் வரும் எலும்பு நோயின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் தூளைக் கூட்டிப் பார்ப்போம் என்று காத்திருக்காமல், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்ல வேண்டும். வளர்ந்த பெண் ஓணான் ஆணோடு சேராமலே முட்டையிடும். அது தரையைத் தோண்டத் தொடங்கினால் ஈர மணல் நிரப்பிய ஆழமான பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள்.

குளிர்காலத்தில் ஒரு வயது கடந்த ஓணான் உணவை ஒதுக்கிவிட்டு வாரக்கணக்கில் தூங்குவதுண்டு. இது இயல்புதான் என்றாலும், குடல் புழு தாக்கிய ஓணானும் இதேபோல் சோர்ந்து படுக்கும் என்பதால், தூக்கம் தொடங்கும் அறிகுறி தெரிந்ததுமே கழிவைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசு போன்ற ஒரு தனித் தராசில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். உறங்கும் ஓணானின் எடை அநேகமாக அப்படியே இருக்கும். எடை மளமளவென்று இறங்கினால், அது உறக்கம் அல்ல, நோய்.