அப்பாவிடம் எப்படிச் சொன்னேன்

பதினைந்து வயதிலிருந்து அம்மாபேட்டைத் தெருவில் நான் சட்டையில்லாமல் நின்றதில்லை. மார்பு அவ்வளவு வீங்கியிருந்தது. "உடம்பைக் குறைடா, சரியாயிடும்" என்பார் அப்பா. 11 கிலோ குறைத்தேன். மார்பு அப்படியே இருந்தது.

22 வயதில் டாக்டரைப் பார்த்தேன். ஹார்மோன், தைராய்டு பரிசோதனை, ஸ்கேன். கைனகோமாஸ்டியா, அதாவது ஆணுக்கு மார்புச் சுரப்பி பெரிதாவது, என்றார். பருவ வயதில் வருவது பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானாக வடிந்துவிடும். அப்படி வடியாமல் தங்கிவிட்ட சுரப்பித் திசு உடற்பயிற்சியில் கரையாது.

அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல மூன்று மாதம் ஆனது. அம்மா அழுதார். அப்பா, "இதுக்குப் போய்க் கத்தி வைப்பாங்களா?" என்றார். நான் வாதாடவில்லை. அடுத்த முறை அவரையே டாக்டரிடம் கூட்டிப் போனேன். "இது கொழுப்பு இல்லைங்க, சுரப்பி" என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் அது அப்பாவுக்கு எட்டியிருக்காது. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தவர், "இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?" என்றார். குரல் உடைந்திருந்தது.

கொழுப்பை உறிஞ்சி, காம்போரம் சிறு கீறல் போட்டுச் சுரப்பியை எடுத்தார்கள். அப்புறம் ஆறு வாரம் இறுக்கமான பனியன். முதல் வாரம் கையைத் தூக்க முடியவில்லை. தினமும் காலையில் அதை மாட்டிவிட்டது அப்பாதான்.