முதல் போர்வைக்கு நூல் தேர்ந்தெடுப்பது எப்படி?

குரோஷாவிலோ பின்னல் ஊசியிலோ முதல் போர்வையைத் தொடங்க நினைப்பவர்கள், கடைக்குள் நுழைந்ததும் நிறத்தைப் பார்த்தே நூலை எடுத்துவிடுகிறார்கள். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. எந்த நூலைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் போர்வையை யார் துவைக்கப் போகிறார்கள், எதில் துவைக்கப் போகிறார்கள் என்பதுதான்.

இதை நான் ஒரு போர்வையை இழந்த பிறகே கற்றேன். குன்னூரில் இருக்கும் என் அக்காவின் பெண் குழந்தைக்காக, தூய மெரினோ கம்பளி நூலில் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு போர்வை பின்னினேன். அதைக் குளிர்ந்த நீரில் கையால் மட்டுமே அலச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அக்கா, மற்றத் துணிகளோடு அதையும் வெந்நீர் ஓட்டத்தில் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். 75 செ.மீ. அகலமாக உள்ளே போனது, ஐம்பதுக்கும் குறைவாக, கண்ணிகளே தெரியாத ஒரு தடித்த அட்டையாக வெளியே வந்தது. அக்கா மீது தவறில்லை. அந்த வீட்டுக்கு அந்த நூலைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.

இந்த விளக்கம் முழுவதிலும் 75 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு குழந்தைப் போர்வையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். முதன்முறை பின்னுவோருக்கு ஒன்றிரண்டு மாதங்களில் முடிக்கக்கூடிய அளவு அது.

படி 1: போர்வையின் வாழ்க்கையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி எழுதினால் போதும். யாருக்கு, எந்த ஊரில், எவ்வாறு துவைக்கப்படும்? கோவையிலோ மதுரையிலோ மின்விசிறிக் காற்றில் கிடக்கப்போகும் போர்வைக்கும், கொடைக்கானலின் மார்கழிப் பனிக்குப் போகும் போர்வைக்கும் ஒரே நூல் பொருந்தாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் போர்வை வாரம் இருமுறை தண்ணீரில் விழும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்காகப் பின்னுகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் அறிவுரை. மடியில் வைத்திருக்கும்போதும், பெரியவர்கள் அருகில் இருக்கும்போதும், தரையில் விரித்து விளையாடவிடும்போதும் பயன்படுத்தவே அந்த வயதுக் குழந்தைக்குப் போர்வை பின்னுகிறோம். ஆகவே விரல் நுழைந்து சிக்கிக்கொள்ளாத நெருக்கமான பின்னலும், வாயில் வைத்தாலும் மயிர் உதிராத நூலும் வேண்டும்.

படி 2: நூல் எதனால் ஆனது என்பதை முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டு ஃபேன்சி ஸ்டோர்களில் பின்னல் நூல் அனைத்துக்கும் ‘உல்லன்’ என்றே பெயர். அந்தப் பெயரை நம்பி ஆட்டுக் கம்பளி வாங்குவதாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவது லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூல்.

அக்ரிலிக் தாழ்ந்த நூல் என்று சொல்வோரோடு நான் உடன்படுவதில்லை. எடை குறைவு, விலை குறைவு, சாயம் எளிதில் வெளுக்காது, மெஷினில் துவைக்கலாம், மழைக்காலத்திலும் விரைவில் காயும். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, ஆகவே சமவெளிக் கோடையில் உடலில் ஒட்டிக்கொண்டு புழுங்கும். சூடான இஸ்திரிப் பெட்டி அதன் மீது படவே கூடாது. பட்ட இடத்தில் இழை இளகித் துவண்டு, ஒருவிதப் பளபளப்பு ஏறிவிடும், பிறகு எத்தனை முறை துவைத்தாலும் பழைய மென்மை திரும்பாது.

பருத்தி நூல் நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது, குழந்தையின் தோலுக்கும் இதமானது. அதன் சிக்கல் எடை. ஒரு கன சென்டிமீட்டர் பருத்தி இழை சுமார் 1.5 கிராம் இருக்கும், அதே அளவு அக்ரிலிக் 1.2 கிராம்கூட இருக்காது. இதனால் ஒரே தடிமனுள்ள 100 கிராம் கண்டுகளில், அக்ரிலிக் ஏறக்குறைய 290 மீட்டர் வரும் இடத்தில் பருத்தி 220 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுவதுண்டு. விலையை ஒப்பிடும்போது கண்டுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் மீட்டருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டியது இதனால்தான். இழுபட்ட பிறகு பழைய அளவுக்குத் திரும்பும் தன்மையும் பருத்திக்குக் குறைவு என்பதால், கட்டிலளவுப் பருத்திப் போர்வையை ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டு கோணலாகிவிடும். ஐப்பசி மழையில் இரண்டு நாளானாலும் காயாது. சிறிய போர்வைக்குப் பருத்தி சிறந்தது, பெரிய போர்வைக்கு முதல் முயற்சியிலேயே அதை நான் பரிந்துரைப்பதில்லை. வாங்குவதானால் பளபளக்கும் மெர்சரைஸ்டு நூலைத் தவிர்த்து, மங்கலாகத் தெரியும் சாதாரணப் பருத்தி நூலையே கேளுங்கள், போர்வைக்கு வேண்டிய மென்மை அதில்தான் இருக்கிறது.

பருத்தியும் அக்ரிலிக்கும் பாதிக்குப் பாதியாகவோ, அறுபதுக்கு நாற்பதாகவோ கலந்த நூல் கிடைத்தால், சமவெளியில் வாழும் குழந்தையின் போர்வைக்கு என் முதல் தேர்வு அதுதான். ஓரளவு வியர்வையை உறிஞ்சும், எடையும் மட்டாக இருக்கும், கையிலும் உறுத்தாது.

உண்மையான கம்பளி, குளிர் ஊர்களுக்கு உரியது. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாத நூல் அது. ஆனால் ஒவ்வொரு கம்பளி இழையின் மேற்பரப்பிலும் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு, திரும்பப் பிரிக்கவே முடியாதபடி இறுகிவிடும். என் அக்கா வீட்டுப் போர்வைக்கு நேர்ந்தது அதுதான். செதில்களை மழுக்கியோ மெல்லிய பூச்சிட்டோ பதப்படுத்திய கம்பளியை ‘சூப்பர்வாஷ்’ என்று லேபிளில் குறிப்பிடுவார்கள். கம்பளிதான் வேண்டுமென்றால் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெல்வெட்போல் வழுக்கும் ஷெனில் நூலும், மயிர் நீண்ட மொஹேர் வகையும் முதல் போர்வைக்கு வேண்டாம். அவற்றில் கண்ணி எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், பிழையைப் பிரிப்பதும் கடினம். திருப்பூர் பனியன் துணி வெட்டில் செய்த டி-ஷர்ட் நூல், கூடைக்கும் மிதியடிக்கும் அருமையானது, போர்வையானால் கழுத்தை அழுத்தும் பாரமாகிவிடும்.

லேபிள் இல்லாத நூலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல், பக்கத்தில் தண்ணீரோடு, தீக்குச்சியால் பற்றவையுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். கம்பளி தயங்கித் தயங்கி எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, முடி கருகிய வாடை வீசும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறிய பிறகு நகத்தால் நசுக்க முடியாத கறுத்த மணியாக நின்றுவிடும். கலப்பு நூலில் இரண்டின் குணமும் சேர்ந்து தெரியும்.

படி 3: தடிமனையும் ஊசியையும் பொருத்துங்கள்

பல நாட்டு நூல் லேபிள்களில் 0 முதல் 7 வரை ஓர் எண்ணைக் காணலாம். 0 லேஸ் பின்னலுக்கான மெல்லிய நூல், 7 கயிறுபோல் பருத்தது. குழந்தைப் போர்வைக்கு 3-ஆம் எண்ணும் (டிகே), பெரியவர்களின் போர்வைக்கு 4-ஆம் எண்ணும் (வொர்ஸ்டட்) பொருந்தும். எண் இல்லாவிட்டால் நூலை இழுக்காமல், இடைவெளியும் இல்லாமல் ஓர் அடிக்கோலின் மீது சுற்றுங்கள். ஓர் அங்குலத்துக்குள் சுமார் 11 சுற்று வந்தால் டிகே, 9 சுற்று வந்தால் வொர்ஸ்டட். ‘நாலு ப்ளை’, ‘எட்டு ப்ளை’ என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அது சில ஊர்களில் தடிமனையும், சில நூல்களில் எத்தனை இழைகளை முறுக்கியிருக்கிறார்கள் என்பதையும் குறிப்பதால், இரண்டு நாலு ப்ளை நூல்கள் வெவ்வேறு பருமனில் இருக்கலாம்.

குரோஷாவில் டிகே நூலுக்கு 4.5 மி.மீ. ஊசியும், வொர்ஸ்டட் நூலுக்கு 5.5 மி.மீ. ஊசியும் எடுத்துத் தொடங்குங்கள். லேபிள் சொல்வதைவிட அரை மி.மீ. பெரிய ஊசியில் பின்னினால், போர்வை விறைத்து நிற்காமல் உடலோடு குழைந்து விழும். நம் கடைகளில் பின்னல் ஊசிகளைப் பழைய ஆங்கில எண்ணில் விற்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் 8 என்றால் 4 மி.மீ., 6 என்றால் 5 மி.மீ. ஆகும், எண் கூடக் கூட ஊசி மெலியும். நீலகிரியில் கேத்திக்கு அருகே 1949-இல் தொடங்கப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸின் போனி ஊசிகளைத்தான் நான் இன்றும் பயன்படுத்துகிறேன்.

முழுப் போர்வையை ஒரே துண்டாகப் பின்னத் தயங்குவோர் சிறு சதுரங்களாகப் பின்னி இணைக்கலாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் கின்னஸ் சாதனையாக உருவாக்கிய 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையும், எத்தனையோ கைகள் தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்ததுதான். இந்த முறையில் நிறங்கள் எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், ஆனால் நூலின் தடிமனும் வகையும் மாறக்கூடாது. ஒரு பருத்திச் சதுரமும் ஒரு கம்பளிச் சதுரமும் அடுத்தடுத்து இருந்தால், முதல் துவையலிலேயே இணைப்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும்.

படி 4: ஒரே ஒரு கண்டு வாங்கி, மாதிரித் துண்டு பின்னுங்கள்

பின்னல் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அனைவரும் தாண்டிச் செல்ல நினைப்பது இந்தப் படியைத்தான். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

போர்வைக்கு எண்ணியிருக்கும் அதே ஊசியில், அதே பின்னலில், ஏறக்குறைய 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னுங்கள். பின்னும்போதே நூல் உங்களிடம் பேசத் தொடங்கிவிடும். முறுக்குத் தளர்ந்த நூலானால் ஊசிமுனை கண்ணிக்குள் நுழையாமல் இழையைப் பிளந்துகொண்டு போகும். ஐம்பது கண்ணிக்கு ஒருமுறை பிளந்தால் பொறுத்துக்கொள்ளலாம், வரிசைக்கு மூன்று முறை பிளந்தால் அந்த நூலை விட்டுவிடுங்கள், நூறு வரிசை அந்த எரிச்சலோடு பின்ன முடியாது.

முடித்த சதுரத்தை அளந்து, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போர்வை எவ்வாறு துவைக்கப்படுமோ அவ்வாறே மூன்று முறை துவைத்துக் காயவையுங்கள். 15 செ.மீ. சதுரம் 14 செ.மீ. ஆகியிருந்தால் அது சிறிய மாற்றமாகத் தோன்றும், ஆனால் 75 செ.மீ. போர்வை 70 ஆகிவிடும் என்பது அதன் பொருள். அடுத்து, சதுரத்தின் இரண்டு பக்கங்களை ஒன்றோடொன்று ஐந்து நிமிடம் தேய்த்துப் பாருங்கள். குட்டிக் குட்டிப் பஞ்சு உருண்டைகள் எழுந்தால், போர்வையும் சில மாதங்களில் அப்படித்தான் ஆகும். கருஞ்சிவப்பு, கருநீலம் போன்ற நிறமானால் ஈரமான வெள்ளைத் துணிக்குள் சுருட்டி ஓர் இரவு வைத்து, சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக அந்தச் சதுரத்தைக் கழுத்தின் பக்கவாட்டில் வைத்துத் தேயுங்கள். உள்ளங்கைக்குத் தெரியாத உறுத்தல் கழுத்துக்குத் தெரியும்.

படி 5: எவ்வளவு நூல் தேவை என்று கணக்கிடுங்கள்

துவைத்துக் காய்ந்த சதுரத்தை எடை போடுங்கள். அது 15 செ.மீ. அளவிலேயே இருந்து, 11 கிராம் எடை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சதுரத்தின் பரப்பு 225 சதுர செ.மீ., நம் போர்வையின் பரப்பு 75-ஐ 90-ஆல் பெருக்கினால் 6,750 சதுர செ.மீ. அதாவது போர்வை 30 சதுரங்களுக்குச் சமம். 30-ஐ 11-ஆல் பெருக்க 330 கிராம். ஓரப் பின்னலுக்கும், ஒவ்வொரு கண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மறைத்துக் கோக்கும் நுனிகளுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 380 கிராம், ஆகவே நூறு கிராம் கண்டு நான்கு. அதே நூலில் 120-க்கு 150 செ.மீ. பெரிய போர்வையானால், 80 சதுரங்கள், 880 கிராம், கூடுதலையும் சேர்த்து 11 கண்டுகள்.

சமையலறைத் தராசு ஒரு கிராம் தவறாகக் காட்டினாலும் கணக்கில் 30 கிராம் பிசகும். தெரிந்த நகைக்கடை இருந்தால் அங்கே எடை போட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள்.

படி 6: நிறமும் லாட் எண்ணும்

இப்போது நிறத்துக்கு வரலாம். முதல் போர்வைக்குக் கறுப்பும் கருநீலமும் வேண்டாம், இரவு விளக்கில் கண்ணி தெரியாது. பல நிறம் கலந்து சாயமேற்றிய நூலிலும் கண்ணிகள் கலங்கித் தெரியும். இளம்பச்சை, சந்தன நிறம், வெளிர்நீலம் போன்றவை கண்ணுக்கு இதமானவை, பிழையையும் உடனே காட்டிவிடும்.

லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று இருக்கும். ஒரே சாயத்தொட்டியில் ஒரே முறையில் நனைந்த நூல்களுக்குத்தான் அந்த எண் ஒன்றாக இருக்கும். நிற எண் ஒன்றாயிருந்து லாட் மாறினால், கடையின் வெளிச்சத்தில் வேறுபாடு தெரியாது, போர்வையை வெயிலில் விரிக்கும்போது நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும். எனவே கணக்கிட்ட கண்டுகளோடு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, ஒரே லாட்டில், ஒரே நாளில் வாங்குங்கள். வேறு வழியின்றி இரண்டு லாட் கலக்க நேர்ந்தால், போர்வையின் கடைசிப் பகுதியில் மட்டும் புதிய நூலை வைக்காமல், தொடக்கம் முதலே இரண்டு வரிசை ஒன்றில், இரண்டு வரிசை மற்றதில் என மாற்றி மாற்றிப் பின்னுங்கள்.

கூடுதலாக வாங்கிய கண்டு மீந்தால், அதைப் போர்வையோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். என்றாவது ஓரம் பிரிந்தால் தைக்க அதே நிற நூல் அந்த வீட்டிலேயே இருக்கும். கூடவே லேபிளையும், எப்படித் துவைக்க வேண்டும் என்று உங்கள் கையால் எழுதிய ஒரு சீட்டையும் வையுங்கள்.