அன்னாசியிலும் விரல் ரேகையிலும் படைத்தவன் கைவண்ணம் பார்ப்பது எப்படி

‘இயற்கையில் கடவுளைப் பார்’ என்று பிள்ளைகளிடம் சொன்னால் மட்டும் போதாது. கையில் ஓர் அன்னாசியைக் கொடுங்கள். தோல் நசுங்காத பழமாக இருக்கட்டும்.

தோலில் உள்ள கண்கள் சாய்வான வரிசைகளாகச் சுற்றி ஏறுவது தெரியும். ஒரு பக்கம் மெதுவாகச் சாய்வது ஒன்று, எதிர்ப்பக்கம் செங்குத்தாக ஏறுவது இன்னொன்று. முதலில் மெதுவாகச் சாயும் வரிசை ஒன்றில், அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குண்டூசி குத்துங்கள். பழத்தின் நடுப்பகுதியில் விரலை வைத்து, அதற்கு இணையான வரிசைகளை எண்ணியபடி மீண்டும் ஊசிக்கு வாருங்கள். பெரும்பாலும் 8 வரும். மற்றத் திசையில் 13. (சிறிய பழத்தில் 5, 8 வருவதும் உண்டு.) 9 அல்லது 14 வந்தால் ஊசி வரிசையை இருமுறை எண்ணிவிட்டீர்கள். எண்ணிக்கை தாறுமாறாகப் போனால், பாதியில் திசை மாறியிருப்பீர்கள். அடுத்தடுத்த கண்கள் சுமார் 137.5 பாகை விலகி முளைப்பதே இந்த ஒழுங்குக்குக் காரணம். காரணம் தெரிந்தால் வியப்பு குறையாது, கூடும்.

அடுத்தது மனிதர்கள். 2பி பென்சிலால் தாளில் அழுத்தித் தீட்டி, விரல் நுனியை அதில் தேய்த்து, செல்லோடேப் ஒட்டி எடுத்து வெள்ளைத்தாளில் பதியுங்கள். விரலில் வியர்வையோ எண்ணெயோ இருந்தால் ரேகை அப்பிவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே தொடங்குங்கள். கோடுகள் வளைந்து திரும்பும் சங்கா, வட்டமாகச் சுழலும் சக்கரமா என்று பாருங்கள். பிறகு, பிள்ளைக்குப் பிடிக்காத வகுப்புத் தோழனின் ரேகையையும் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரே சாயல் இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாக இராது. பிடிக்காதவனையும் படைத்தவன் தனியாகவே வரைந்திருக்கிறான் என்று பிள்ளைக்குப் புரியும்.