மதுரையில் மேசைப் போர் விளையாட்டுக் கழகம் தொடங்குவது எப்படி?

சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் நகர்த்தி, பகடை உருட்டிப் போரை ஆடுவதுதான் மேசைப் போர் விளையாட்டு. அது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வார்ஹாமர் என்னும் கற்பனைப் போர் விளையாட்டுதான். ஆனால் மதுரையில் புதிதாகக் கழகம் தொடங்குபவர் அதைப் பிறகு பார்த்துக்கொள்வதே நல்லது. ஒரு படைக்கான பொம்மைகளை வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசி முடிப்பதற்குள் பணமும் மாதங்களும் கரைந்துவிடும். வசதியுள்ள இருவர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் கழகம் நெடுநாள் நிலைக்காது. இரண்டு படைகளையும் கழகமே வைத்திருந்து, வருகிறவர் வெறுங்கையோடு வந்து ஆடிவிட்டுப் போகும்படி அமைக்க வேண்டும்.

அதற்கு, பழங்காலப் போர்களை ஆடுவதற்கான டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்னும் விதிநூல் போன்ற சிறிய விதிமுறைகள் பொருந்தும். அதில் ஒரு பக்கத்துக்கு 12 படைப்பிரிவுகள் மட்டுமே, 15 மி.மீ. அளவு வீரர்களுக்கு இரண்டடிச் சதுரப் பலகை போதும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும். விதிநூலின் ஆங்கிலம் கடினமானது என்பதால், நகர்வு, எய்தல், மோதல், பின்வாங்கல் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் சுருக்கி எழுதி, மேசைக்கு ஒரு பிரதி வையுங்கள்.

வீரர்களைத் தடித்த அட்டையில் அச்சிட்டு, மடித்து ஒட்டிக்கொள்ளலாம். மின்விசிறி இல்லாமல் சித்திரை வெயிலில் யாரும் உட்கார முடியாது. விசிறியைச் சுழலவிட்டாலோ குதிரைப்படை முழுவதும் பறந்துவிடும். ஹார்டுவேர் கடையில் இரும்பு வாஷர்களை வாங்கி ஒவ்வொரு பிரிவின் அடியிலும் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

8க்கு 4 அடி பிளைவுட் ஒன்றைக் கடையிலேயே அறுத்துத் தரச் சொன்னால், இரண்டு இரண்டடிச் சதுரங்களும், பெரிய ஆட்டங்களுக்கான 6க்கு 4 அடிப் பரப்பும் கிடைக்கும். அந்தப் பெரிய பரப்பை இரண்டு துண்டாக்கினால்தான் ஆட்டோவில் ஏற்ற முடியும். குன்றுகளுக்குத் தெர்மாகோல் போதுமானது. குடிசைகளுக்கு, கொலு பொம்மைகள் செய்யும் விளாச்சேரியில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வீரனைக் கையோடு கொண்டுபோய், குடிசை வாசல் அவன் தலைக்குச் சற்று மேலே நிற்கிறதா என்று வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இடத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும் டியூஷன் சென்டர் ஒன்றே போதும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்களின் சாப்பாட்டுக் கூடம் காலியாக இருக்கும். பேசிப் பார்த்தால் வாடகை குறையலாம். பகடை உருளும் சத்தம் கேட்டால் சூதாட்டமோ என்று உரிமையாளர் கலங்குவது இயல்பு. காசு வைத்து ஆடுவதில்லை என்பதைக் கழகத்தின் முதல் விதியாக எழுதி, முன்கூட்டியே அவரிடம் காட்டிவிடுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினரும் வரவுசெலவும் பெருகும்போது அதைச் செய்துகொள்ளலாம்.

ஆட்டம் பழகியதும் உள்ளூர் வரலாற்றுக்கு வாருங்கள். புதியவர்களை இழுக்க அதைவிட நல்ல வழி இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து முற்றுகையிட்டபோது, யூசுப்கான் என்னும் மருதநாயகம் 1763 முதல் 1764 வரை மதுரைக் கோட்டையைக் காத்து நின்றார். இறுதியில் தம்மவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். வெளி வீதிகள் நெடுக ஓடிய அந்த மதில் முழுவதையும் மேசையில் அடக்க முயலாதீர்கள். ஒரே ஒரு கொத்தளம், அதன் முன்னே அகழி, அதைக் கடந்து ஏறவரும் கம்பெனிச் சிப்பாய்கள் என்று ஒரு தாக்குதலை மட்டும் எடுத்துக்கொண்டு, இத்தனை சுற்றுக்குள் கொத்தளம் விழாவிட்டால் காப்பவருக்கு வெற்றி என்று வரம்பு வையுங்கள். முற்றுகை என்பது பெரும்பாலும் பட்டினியும் காத்திருப்புமே. அதை அப்படியே ஆடினால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் ஆடாத ஒருவரை நடுவராக அமர்த்துங்கள். அங்குலக் கணக்கிலோ விதியிலோ தகராறு வந்தால், அவர் பகடையை உருட்டி அப்போதைக்கு முடிவு சொல்ல, ஆட்டம் தொடர வேண்டும். முடிந்த பிறகு விதிநூலைப் புரட்டிச் சரியான விடையை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த வாரம் அதே வழக்கு வராது.