மலைக்காட்டுக்குப் பழைய டிராக்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பழைய டிராக்டர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கீழே இறங்கித்தான் பார்க்கிறார்கள். மேட்டுப்பாளையம், அன்னூர், பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கிப் போனால் கர்நாடகத்தின் குண்டல்பேட்டை. அங்கே வண்டிகள் நிறைய, விலையும் பேசிக் குறைக்கலாம். கூட வரும் மெக்கானிக் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, நல்ல வண்டி என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. அன்னூர் செம்மண்ணுக்கு அது நல்ல வண்டிதான். ஊட்டி பக்கத்து நஞ்சநாட்டில் ஒரு கேரட் காட்டுக்கும் அது நல்ல வண்டியா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

சமவெளியில் டிராக்டரை இழுவையை வைத்து மதிப்பிடுகிறார்கள். மலையில் அது நிற்கிறதா, சாயாமல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் கெட்டால் பணம் செலவாகும். சரிவில் பிரேக் கெட்டால் ஆளே போய்விடுவார். ஆகவே 35 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள நடுத்தர வண்டிகளைப் பற்றிய இந்தக் கட்டுரையில் எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நிலத்தை அளக்காமல் வண்டி பார்க்கப் போவது

நடுத்தர டிராக்டர் ஒன்று ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம் இருக்கும். பின்னால் ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) மாட்டினால் இன்னும் ஒரு மீட்டர் போல நீளும். அகலம் ஒன்றே முக்கால் மீட்டர் பக்கம். ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துத் திருப்பினாலும் திரும்புவதற்கு இடம் வேண்டும். உங்கள் காட்டில் சரிவை வெட்டிச் சமன் செய்த படிக்கட்டுகளில் மிகக் குறுகலானது எத்தனை மீட்டர், ஒரு படிக்கட்டிலிருந்து அடுத்ததற்கு வண்டி ஏறும் வழி எவ்வளவு அகலம், ரோட்டிலிருந்து காட்டுக்குள் இறங்கும் பாதை மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதை எல்லாம் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு அப்புறம் கிளம்புங்கள். பாதி நிலத்துக்கு மேல் வண்டி போகாது என்று தெரிந்தால் பவர் டில்லரோ மினி டிராக்டரோதான் சரி. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சரிவின் விஷயம் இதைவிடப் பெரியது. படிக்கட்டு போடாத சரிவில் டிராக்டரைக் குறுக்காக ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும் ஆபத்து. அதற்குப் பயந்து மேலும் கீழுமாக உழுதால் ஒவ்வொரு உழவுசாலும் ஒரு வாய்க்காலாகிவிடும். தென்மேற்குப் பருவமழையில் அந்த மேல்மண் அத்தனையும் ஓடைக்குப் போய்விடும். வண்டிக்கு ஏற்ற திசை மண்ணுக்கு ஆகாது, மண்ணுக்கு ஏற்ற திசை வண்டிக்கு ஆகாது. எனவே படிக்கட்டு நிலத்துக்குத்தான் டிராக்டர். அதிலும் மலையை நோக்கி உட்புறமாகச் சாய்ந்த படிக்கட்டாக இருந்தால், வண்டி சாய்ந்தாலும் உள்பக்கம்தான் சாயும். வெளிப்புறமாகச் சரிந்து, ஓரத்தில் மண் பொதபொதவென்று இருக்கும் படிக்கட்டில் இரண்டு டன் எடையை ஏற்றவே கூடாது. சந்தேகம் இருந்தால் பக்கத்துக் காட்டுக்கு வாடகைக்கு வரும் டிராக்டரை ஒரு நாள் உங்கள் நிலத்தில் விட்டுப் பாருங்கள். அந்த வாடகைப் பணம் வீணாகாது.

கீழே காட்டிய குதிரைத்திறனை மேலே எதிர்பார்ப்பது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டிக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத டீசல் எஞ்சின் காற்றைத் தானாக இழுத்துத்தான் எரிக்கிறது. காற்று குறைந்தால் எரிப்பும் குறையும். 45 குதிரைத்திறன் என்று வாங்கிய வண்டி மேலே 37, 38 அளவுக்குத்தான் வேலை செய்யும். நம் ஊரில் ஓடும் பழைய நடுத்தர வண்டிகளில் பெரும்பாலானவை டர்போ இல்லாதவை.

இது தெரியாததால் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒன்று, இழுவை போதவில்லை என்று, எஞ்சினுக்குப் போகும் டீசல் கூடும்படி டீசல் பம்பைத் திறந்துவிடுவது. காற்றே இல்லாத இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் வரும். எஞ்சின் சூடேறும், டீசலும் வீணாகும். ஆகவே மலையிலேயே ஓடிய வண்டியை வாங்குவதென்றால் பம்பில் கம்பெனி வைத்த சீல் உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இழுவைக்குப் பயந்து 55 குதிரைத்திறனுக்குத் தாவுவது. அந்த எடையும் அகலமும் படிக்கட்டுக்கு ஆகாது, ஈர மண்ணையும் இறுக்கிவிடும். சிறிய கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வழி. கீழே ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்கிற வண்டிக்கு மேலே ஐந்து கொத்து, ரொட்டவேட்டரில் ஒரு அளவு குறைவு. வேலை சற்று மெதுவாகும், அவ்வளவுதான்.

பிரேக்கைக் கடைசியில் பார்ப்பது

விற்பவர் வண்டியைச் சமதரையில் ஓட்டிக் காட்டுவார். அது போதாது. டிராக்டரில் பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனிப் பெடல். ரோட்டில் போகும்போது இரண்டையும் இணைக்க ஒரு கொக்கி உண்டு. அந்தக் கொக்கி இருக்கிறதா, சரியாக விழுகிறதா என்பதுதான் என்னைக் கேட்டால் முதல் சோதனை. வயலில் மட்டும் ஓடிய வண்டிகள் பலவற்றில் அது துருப்பிடித்துப்போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். இணைக்காத பெடலோடு ஊட்டி ரோட்டில் இறங்கி ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழலும்.

அடுத்தது, உதிரி மண்ணில் மெதுவாக ஓட்டி, இணைத்த பெடலை ஓங்கி மிதியுங்கள். இறங்கி வந்து தரையைப் பாருங்கள். இரண்டு சக்கரத்தின் இழுபட்ட தடமும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தால் ஒரு பக்கம் பிடிப்பு இல்லை. பிறகு ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டுப் பாருங்கள். ஆள் யாரும் பின்னால் நிற்காமல், சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. விற்பவர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கிளம்பிவிடலாம்.

பழைய வண்டிகளில் உலர் டிஸ்க் பிரேக் இருக்கும், சற்றுப் புதியவற்றில் ஆயிலில் முங்கிய பிரேக். மலைக்கு ஆயில் பிரேக்தான் நல்லது. நீண்ட இறக்கத்தில் சூடு தாங்கும், தண்ணீரும் சேறும் உள்ளே போகாது. ஆனால் அது தேய்ந்துவிட்டால் பின் ஆக்ஸிலைத் திறந்துதான் வேலை பார்க்க வேண்டும், செலவு அதிகம். உலர் பிரேக் வண்டியில் பின் ஆக்ஸில் சீல் கசிகிறதா என்று சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே ஆயில் பிசுபிசுத்தால் அது பிரேக் லைனிங்கிலும் ஏறியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

டிரெய்லரும் சேர்த்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் பக்கம் ஓடும் பெரும்பாலான டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. மூட்டை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது மொத்த எடையையும் டிராக்டரின் பின் சக்கரம் இரண்டும்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கிவிடும். இறக்கத்தில் சிறிய கியரில் எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் கியர் கழன்று விழுகிற வண்டி மலைக்கு வேண்டவே வேண்டாம். இதைச் சோதிக்க, ஓர் இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு லீவரைத் தொடாமல் வாருங்கள். லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் கியர் பல் தேய்ந்திருக்கிறது.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி கிடைத்தால் மலைக்கு அது பெரிய அனுகூலம். ஏற்றத்தில் மட்டும் அல்ல. இறக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு பிரேக் பிடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். வாங்கும்போது டயர் அளவை மட்டும் கவனியுங்கள். முன் டயருக்கும் பின் டயருக்கும் கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கும். கிடைத்த அளவை மாட்டி ஓட்டியிருந்தால் முன் ஆக்ஸில் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

சாய்வு பற்றி விசாரிக்காதது

முன் பம்பரில் தொங்கும் இரும்பு எடைகளைக் கழற்றித் தனியாக விற்றுவிடுகிறார்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது முன் சக்கரம் மேலே எழும்பாமல் இருக்க அந்த எடை வேண்டும். இல்லையென்றால் விலையில் குறைத்துக் கேளுங்கள், வாங்கி மாட்டும்வரை மேட்டில் ஏற்றாதீர்கள். பின் சக்கர ரிம்மைத் திருப்பி மாட்டி இடைவெளியைக் கூட்ட முடியுமா, போல்ட்டுகள் கழலுமா என்றும் பாருங்கள். சேற்று வயலில் ஓடிய வண்டியில் அது குறுகலாகவே இருந்து, போல்ட் இறுகிப்போயிருக்கும்.

இழுவைக் கொக்கி மாட்டும் தட்டு கம்பெனி கொடுத்த உயரத்திலேயே இருக்கிறதா? சிலர் பற்றவைத்து மேலே ஏற்றியிருப்பார்கள். பாரத்தை உயரத்தில் கட்டி இழுத்தால் வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழும். ஓட்டுபவருக்குக் குதிக்க நேரமே இருக்காது. அப்புறம், வெயிலுக்குப் போட்டிருக்கும் குழாய்க் கூரையைப் பாதுகாப்புச் சட்டம் என்று நம்பிவிடக் கூடாது. கவிழ்ந்தால் அது நசுங்கிவிடும். கம்பெனியிலிருந்தே வந்த பாதுகாப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டி கிடைத்தால் சில ஆயிரம் கூடக் கொடுத்து எடுங்கள். வண்டியில் உட்காரப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளை.

முன்பு என்ன வேலை பார்த்தது என்று கேட்காதது

நெல் வயலில் கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு ஓட்டிய வண்டியில் முன் ஹப் பேரிங், ஆக்ஸில் சீல் எல்லாவற்றிலும் சேற்றுத்தண்ணீர் புகுந்திருக்கும். முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் தெரிந்துவிடும். கரும்பு, செங்கல் பாரம் இழுத்த வண்டியில் டயர் நடுப்பகுதி மழமழவென்று தேய்ந்திருக்கும், கொக்கித் தட்டின் ஓட்டை வட்டம் போய் நீண்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கிளட்ச் வேலை காத்திருக்கிறது. மீட்டரில் எத்தனை மணி நேரம் காட்டினாலும் இந்த அடையாளங்களைத்தான் நம்ப வேண்டும். தேய்ந்த பெடல் ரப்பரும் ஆடும் ஸ்டியரிங்கும் உள்ள வண்டி 1,200 மணி நேரம்தான் ஓடியது என்றால் மீட்டர் கொஞ்ச காலம் ஓடாமல் இருந்திருக்கிறது.

சூடான எஞ்சினைப் பார்த்துத் திருப்திப்படுவது

நீங்கள் போகும்போது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்கச் சொல்லி, மறுநாள் விடியற்காலை வருவதாகச் சொல்லுங்கள். பிளாக்கில் கை வைத்துப் பார்த்து, சில்லென்று இருக்கும்போது செல்ஃப் அடியுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலையிலேயே தடுமாறும் எஞ்சின், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும் காலையில் கிளம்பவே கிளம்பாது. மலையிலேயே வாங்குகிறவர்கள் வண்டி நிற்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். எப்போதும் பள்ளம் பார்த்தே நிறுத்தியிருந்தால், உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்கிற பழக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பேட்டரியோ செல்ஃபோ கம்ப்ரஷனோ குறைவு.

ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளக் கூடாது. தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. நீலப்புகை நிற்காமல் வந்தாலும் ஆயில் எரிகிறது என்று பொருள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகே திறங்கள். தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால் கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி, உள்ளே துரு. ஆயில் குச்சியில் பால் கலந்ததுபோல் நுரை இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

எந்தக் கம்பெனி வாங்குவது என்று பலரும் கேட்கிறார்கள். மஹிந்திரா, மாஸி, ஸ்வராஜ், ஜான் டீர், குபோட்டா எல்லாமே ஓடுகின்றன. உங்கள் ஊருக்கு ஏறி வரக்கூடிய மெக்கானிக் எந்த வண்டியை அறிந்தவரோ அதுதான் உங்களுக்கு ஏற்றது. நடவு சமயத்தில் ஒரு சீலுக்காகக் கோயம்புத்தூர் போய் வரும் நாட்களை யோசித்துப் பாருங்கள்.

காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு நேரில் ஒப்பிடுங்கள். கடனில் எடுத்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் கையில் வரும்வரை முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கர்நாடகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்தால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி தனி. பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால், 13, 14 வருட வண்டி என்றால் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். மானியத்தில் எடுத்த வண்டியா என்றும், அப்படியென்றால் இத்தனை வருடம் விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி ஆர்.சி. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்ஸையும் அதே வாரத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, அப்புறம் வண்டியைக் காட்டில் இறக்குங்கள்.